ஜோர்ஜ்டவுனில் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள்: துணி பார்க்கத் தெரிந்தவர்கள் ஏறவேண்டிய மாடிக்கடை

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பினாங்கு ஜோர்ஜ்டவுனில் லெபு பந்தாய் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில், ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் விற்கிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. மலை, அலை, வாள் தூக்கிய வீரர் என்று எல்லாரும் விற்கிற படங்கள் இங்கே இல்லை. பெண்களின் உடை, கூந்தல், பழக்கவழக்கம், இவை மட்டும்தான். பெயர்ப்பலகை கிடையாது. கடைக்கார ஆன்டி தன் பெயரையும் போன் எண்ணையும் எங்கேயும் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே சீனத் தேயிலை விற்கும் கடையில் கேட்டால் மாடிப்படியைக் காட்டிவிடுவார்கள். பினாங்கில் இருப்பவர்களும், கோலாலம்பூரிலிருந்து வார இறுதிக்கு வருபவர்களும் ஒரு மதியத்தை இதற்கென்று ஒதுக்கலாம், குறிப்பாகத் துணி, தையல், நெசவு, சேலை என்று ஏதாவது ஒன்றில் பைத்தியம் உள்ளவர்கள்.

பிளவுஸ் தைப்பது என் தொழில். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கழுத்துப்பட்டிக்கும் கைக்கும்தான் என் கண் போகும். இந்தப் படங்களை அப்படித்தான் பார்க்கவேண்டும் என்றே நினைக்கிறேன். அழகிகள் படம் என்று பெயராகிவிட்டதால் எல்லாரும் முகத்தைத் தேடுகிறார்கள், முகமோ பாதிப் படங்களில் ஒரே மாதிரிதான் இருக்கும்: நீள மூக்கு, சின்ன வாய், கீற்றுக் கண். அவள் யார், என்ன வயது, கல்யாணம் ஆனவளா, என்ன பிழைப்பு என்பதையெல்லாம் உடைதான் சொல்கிறது. கை நீண்டு தொங்கினால் மணமாகாத பெண். எடோ காலத்துப் (1603-1868) படத்தில் ஒபி என்கிற இடைக்கச்சையின் பெரிய முடிச்சு முன்பக்கம் இருந்தால் யோஷிவாரா என்ற கணிகையர் பேட்டையின் கணிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பல்லில் கறுப்பு பூசியிருந்தால் பெரும்பாலும் மணமானவள், புருவத்தையும் மழித்திருந்தால் பெரும்பாலும் பிள்ளை பெற்றவள். நம் வீட்டுப் பெரியவர்கள் கல்யாண மண்டபத்தில் நுழைந்த மாத்திரத்தில் எது காஞ்சிபுரம், எது ஆரணி என்று சொல்லிவிடுவார்கள் இல்லையா, அந்தக் கண்ணோடு இந்தப் படங்களின் முன்னால் உட்கார்ந்தால் போதும், வேறு படிப்பு தேவையில்லை.

அப்புறம் கிமோனோவின் தையல். சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளை நேர்கோட்டில் மட்டும் வெட்டி இணைத்துச் செய்கிற உடை அது. வளைவு வெட்டே கிடையாது, உடம்புக்கேற்பப் பிடிக்கிற டார்ட் மடிப்பும் கிடையாது. தையலைப் பிரித்துவிட்டால் திரும்பவும் நேர்த்துண்டுகளாகிவிடும், பிரித்துத் துவைத்து மறுபடி தைப்பதே அங்கே வழக்கமாக இருந்தது. இது தெரிந்தபிறகு படத்தில் தோளிலிருந்து விழும் கோடு ஒவ்வொன்றையும் எங்கே இணைப்பு, எங்கே மடிப்பு என்று பிரித்துப் பார்க்கலாம். பல படங்களில் பூவேலை மடிப்போடு வளையாமல் தட்டையாக ஓடும். ஓவியருக்கு உடம்பைவிட துணியின் டிசைன் முக்கியமாக இருந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சரி, கடைக்கு வருவோம். ஜன்னல் ஓரம் ஒரு நீள மேசை, இரண்டு பக்கமும் தட்டையான இழுப்பறைகள். படத்தைக் கண்ணாடிக்குள் மாட்டிக் காட்டுவதில்லை. கை கழுவச் சொல்லிவிட்டு, தாளை ஓர் அட்டையின் மேல் வைத்து நேரே உங்கள் முன்னால் போடுவார் ஆன்டி. நான் முதலில் படத்தைத்தான் பார்க்கப் போனேன், அவர் "தெங்கோ பெலாக்காங் டூலு" என்றார், பின்பக்கத்தை முதலில் பாரு என்று. திருப்பினால் தாளின் முதுகில் வண்ணம் ஊறி வந்திருந்தது, வட்டவட்டமாகத் தேய்த்த தடமும் தெரிந்தது. பாரென் என்கிற, மூங்கில் மட்டையால் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகை அழுத்தித் தேய்த்துத்தான் இந்த அச்சு எடுக்கிறார்கள். மெஷினில் அடித்த தாளில் இந்தத் தடம் இருக்காது, பூதக்கண்ணாடி வைத்தால் புள்ளிபுள்ளியாக மை தெரியும். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு விற்கிற கடையை நம்பலாம்.

வாங்குகிறீர்களோ இல்லையோ, கறுப்பு உடை உள்ள படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் காட்டியது சிக்கனோபு என்ற ஓவியர் வரைந்த படம், 1897 வாக்கில் வந்த 'ஷின் பிஜின்' (உண்மை அழகிகள்) என்ற 36 படத் தொடரிலிருந்து. மேசையில் நேராக இருக்கும்போது அந்தப் பெண்ணின் கழுத்துப்பட்டி வெறும் கறுப்பு. தாளை லேசாகச் சாய்த்து ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால் கறுப்புக்குள்ளேயே கறுப்பாக, மினுமினுவென்று ஒரு டிசைன் எழுந்து வருகிறது! தாளின் முன்பக்கம் மேலே தெரியும்படி கட்டையின் மேல் வைத்து, அந்தப் பக்கத்தையே தேய்த்து மெருகேற்றியதால் வரும் பளபளப்பு அது. நேர்ப்பார்வைக்கு இல்லை, சாய்த்தால் இருக்கிறது. கறுப்புப் பட்டில் தன் நிறத்திலேயே நெய்த பூவேலையைக் கையில் பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஸ்கேன் செய்து இணையத்தில் போட்ட படத்தில் இது வரவே வராது, போஸ்டரிலும் வராது. இந்த ஒன்றுக்காகவே கடைக்குப் போகலாம் என்பேன்.

இன்னொரு வேலைப்பாடு, வெள்ளைத் துணியைக் காட்டுவது. மை இல்லாமல் கட்டையை அழுத்தித் தாளில் மேடுபள்ளம் மட்டும் எழுப்புவார்கள், உள்ளங்கி வெள்ளையாக இருந்தாலும் அதில் பின்னல் தெரியும். சில படங்களில் கட்டையின் மேல் உண்மையான துணியையே ஒட்டி அழுத்தி நெசவின் தடத்தைத் தாளில் பதித்திருக்கிறார்கள். நூலிழை எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக விழுந்திருக்கிறது.

இந்த வேலைகளை யார் செய்தது என்று கேட்டபோது ஆன்டி சொன்ன விஷயம் மனதில் நின்றுவிட்டது. ஓவியர் தாளில் வரைந்து கொடுப்பதோடு சரி. அதைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டிச் செதுக்குபவர் வேறு, அச்சிடுபவர் வேறு, பணம் போட்டு எல்லாரையும் வேலை வாங்குகிற பதிப்பாளர் வேறு. செதுக்குபவர்களிலும் இரண்டு தரம். முகமும் நெற்றியோர மயிரிழைகளும் மூத்த கைக்கு, உடையும் பின்னணியும் இளைய கைகளுக்கு. ஆக நான் வாய்பிளந்து பார்க்கிற ஒவ்வொரு பூவேலையையும் செதுக்கியவர்கள் அந்தப் பட்டறையின் சின்னப் பையன்கள். படத்தின் ஓரத்தில் ஓவியர், பதிப்பாளர் பெயர்கள் வரும், சிலவற்றில் தலைமைச் செதுக்குநர் பெயரும் வரும், இந்தப் பையன்கள் பெயர் வராது. காஜா எடுத்து, ஹெம்மிங் போட்டுப் பல வருடம் கழித்துத்தான் கத்தரியைத் தொட்டவள் நான், எனக்கு இது மிகவும் உறைத்தது.

இழுப்பறைகளில் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன். 18-ஆம் நூற்றாண்டு அசல் எதுவும் கிடையாது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஹருனோபு என்ற ஓவியர் காலத்தில், 1765 வாக்கில், பல கட்டைகளால் முழு வண்ண அச்சு தொடங்கியது. உத்தமாரோ 1790-களில் பெண்களின் தலையும் தோளும் மட்டும் பெரிதாகத் தெரியும்படி, சிலவற்றில் அப்ரகம் (மைக்கா) தூவிய மினுங்கும் பின்னணியோடு போட்டார். இவர்களுடைய படங்கள் எல்லாம் பிற்காலத்தில் புதிதாகக் கட்டை செதுக்கி எடுத்த மறுபதிப்புகளாகத்தான் இங்கே இருக்கின்றன. அட்டையின் மேலேயே மறுபதிப்பு என்று எழுதி வைத்திருக்கிறார், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உத்தமாரோவின் கண்ணாடி ஊதுகுழல் ஊதும் பெண்ணின் மறுபதிப்பு நன்றாக இருந்தது. சிவப்புக் கட்டம் போட்ட நீண்ட கை உடை அவளுக்கு. அந்தக் கட்டம் சானோகவா இச்சிமாட்சு என்ற நாடக நடிகர் மேடையில் கட்டி வந்து பரவிய ஃபேஷன், இன்றைக்கும் அந்த டிசைனுக்கு அவர் பெயர்தான். ஆனாலும் நான் இதை வாங்கவில்லை, காரணம் விலை. அதே காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் நூறு வயதைத் தாண்டிய அசல் ஒன்று அடுத்த இழுப்பறையிலேயே கிடைக்கிறது.

அந்த அடுத்த இழுப்பறைதான் கடையின் உயிர். மெய்ஜி காலத்துப் (1868-1912) படங்கள். யோஷித்தோஷி 1888-இல் போட்ட 32 படங்கள் கொண்ட தொடரில் சில இருந்தன. 1789-இல் தொடங்கிய கன்செய் ஆண்டுகளிலிருந்து தன் காலம் வரைக்கும் வெவ்வேறு பெண்களை, ஒவ்வொருத்தியையும் ஓர் உணர்ச்சியில் பிடித்திருக்கிறார். ஒருத்தி புகை தாங்காமல் முகத்தைத் திருப்புகிறாள். ஒருத்தி கொசுவலையிலிருந்து எழுந்து வருகிறாள், அரிப்பில் உடை தோளிலிருந்து நழுவியிருக்கிறது. ஒருத்தி கையில் பச்சை குத்திக்கொண்டு வலியில் துணியைக் கடிக்கிறாள். கடைசியில் மேல்நாட்டு உடை அணிந்த பெரிய இடத்துப் பெண் உலாவப் போகிறாள். இந்தத் தொடரில் முகங்கள் உண்மையிலேயே ஆளுக்கு ஆள் மாறுகின்றன. விலை எனக்கு எட்டாத உயரம், ஒன்று நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். ஆனாலும் கேட்டால் எடுத்துக் காட்டுவார், முகம் சுளிக்கமாட்டார். அந்தக் கொசுவலையை மட்டும் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குத்துக்கோடுகளுக்கு ஒரு கட்டை, குறுக்குக்கோடுகளுக்கு இன்னொரு கட்டை என்று செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றை அச்சிட்டு வலையாக்குவார்களாம். துளி விலகினாலும் வலை துணியாகிவிடும்.

சிக்கனோபு படங்கள்தான் அதிகம். சாமுராய் குடும்பத்துக்காரர், ஷோகன் என்கிற பழைய ராணுவ ஆட்சியாளர் பக்கம் நின்று போரில் தோற்றவர். தோற்றபிறகு ஓவியம் பிழைப்பாகி, பழைய அரண்மனைப் பெண்களையும் புதுக் காலத்துப் பெண்களையும் மாற்றி மாற்றி வரைந்திருக்கிறார். காலந்தோறும் கூந்தல் எப்படி மாறியது என்பதைக் காட்டும் தொடர் ஒன்று அவருக்கு உண்டு, கூந்தல் அலங்காரம் செய்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். மிசுனோ தோஷிகத்தா 1896 வாக்கில் தேநீர்ச் சடங்கை ஒவ்வொரு படியாக வரைந்த படங்களும் இருந்தன: எப்படி நுழைவது, எங்கே மண்டியிடுவது, கிண்ணத்தை எப்படி ஏந்துவது என்று. வண்ணம் அடக்கமாக, மெல்லிசாக இருக்கும். விலையும் தாங்கும்.

ஆனால் நான் கடையிலேயே நின்றுபோன இடம் வேறு. சுவரில் ஒரு மூன்று தாள் படம், விற்பனைக்கு இல்லை என்று எழுதி ஒட்டியிருந்தது. அதாச்சி கிங்கோ 1887-இல் வரைந்தது. பெரிய இடத்துப் பெண்கள் தையல் வேலையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு தையல் மெஷின்! அந்த வருடம் ஜனவரியில் ஜப்பானியப் பேரரசி ஓர் அறிக்கை விட்டார், பெண்கள் மேல்நாட்டு உடைக்கு மாறலாம், மேலும் கீழுமாக இரண்டு துண்டாக உடுத்துவது நம் பழங்கால வழக்கத்துக்கும் பொருந்தும், ஆனால் துணி உள்நாட்டுத் துணியாக இருக்கட்டும் என்று. அதன் சூட்டில் வந்த படங்களில் ஒன்று இது. பின்புறம் தூக்கி நிற்கும் அந்தக் காலத்துப் பாவாடையைத் தைக்க நேர்வெட்டு போதாது, வளைவு வெட்டவேண்டும், உடம்புக்கு அளவு எடுக்கவேண்டும். நேர்க்கோட்டிலேயே பல நூறு வருடம் தைத்த கைகள் புதிதாக வளைவு கற்றுக்கொண்ட நேரம். இதைப்பற்றி ஆன்டியும் நானும் பேசத் தொடங்கி, அவர் அம்மா பினாங்கு வீதியில் சிங்கர் மெஷினில் கெபாயா என்கிற மேல்சட்டை தைத்த கதைவரைக்கும் போய்விட்டோம். விற்பாரா என்று திரும்பவும் கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கடையைப் புகழ மனசு வரவில்லை. எடோ படங்களில் நாம் பார்த்து மயங்குகிற அடுக்கடுக்கான பட்டும் சீப்பும் கொண்டை ஊசியும் பெரும்பாலும் யோஷிவாரா பெண்களுடையவை. குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு சின்ன வயதில் அனுப்பிவிட்ட பெண்கள் அவர்கள், கடன் தீரும்வரை வெளியே வர முடியாது, அந்தப் பட்டின் விலையும் அதே கடனில்தான் ஏறியது. உத்தமாரோ படங்கள் ஒருவகையில் அந்த இடத்துக்கு விளம்பரமும்கூட. இது எங்கேயோ தூரத்து ஜப்பான் கதை என்று நினைத்துவிட வேண்டாம். கடையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில்தான் லெபு சிந்த்ரா இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கியூஷூ பக்கத்து ஏழைக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜப்பானியப் பெண்கள் அங்கே விடுதிகளில் இருந்தார்கள். ஜப்பானியர் தெரு என்றே ஹொக்கியன் மக்கள் அதை அழைத்தார்கள். மெய்ஜி படங்களில் குடை பிடித்து நடக்கிற பெண்கள் அச்சான அதே வருடங்களில் இவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். கணிகையர் படங்கள் வைத்திருக்கிற அட்டைகளில் இதைப்பற்றி ஆன்டி நாலு வரி எழுதி வைத்திருக்கிறார். அழகு என்று மட்டும் சொல்லி விற்றுவிடாமல் இதையும் எழுதியதற்காக அந்தக் கடைமேல் எனக்குத் தனி மதிப்பு.

நான் வாங்கியது சிக்கனோபுவின் 'ஷின் பிஜின்' படம் ஒன்று, 780 வெள்ளி, அந்தக் கறுப்புக் கழுத்துப்பட்டிக்காரிதான். ஓரம் சற்று வெட்டப்பட்டிருக்கிறது, கீழ் மூலையில் பழுப்புப் புள்ளிகள் உண்டு, இரண்டையும் வாங்குவதற்கு முன்பே காட்டி விலையைக் குறைத்துத்தான் சொன்னார். வண்ணம் இன்னும் திடமாக இருக்கிறது. பழைய படங்களில் குசும்பாப் பூவிலிருந்து எடுத்த சிவப்பும் பூவிலிருந்து எடுத்த நீலமும் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். மெய்ஜி காலத்தில் செயற்கைச் சாயங்கள் வந்துவிட்டதால் சிவப்பும் ஊதாவும் பளிச்சென்று நிற்கின்றன, சில படங்களில் கண்ணைக் குத்துகிற அளவுக்கு. அந்தக் குத்தும் சிவப்பு பிடிக்காதவர்கள் தோஷிகத்தா பக்கம் போகலாம்.

குறைகளும் உண்டு. ஃப்ரேம் போட்டு ரெடியாக வைத்திருக்கும் படங்களை வாங்காதீர்கள். பின்னால் வைத்திருப்பது சாதாரண அட்டை, நம் ஊர் ஈரத்துக்கு அந்த அட்டை பழுத்து, அந்தப் பழுப்பு தாளில் இறங்கும். கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடி. இவ்வளவு கவனமாகப் படத்தைக் கையாளுகிற கடை ஃப்ரேமில் மட்டும் ஏன் இப்படி விட்டுவிட்டது என்று எனக்குப் புரியவில்லை, ஆன்டியிடம் சொல்லியும் விட்டேன். தாளாகவே வாங்கி, அமிலம் இல்லாத அட்டை கிடைக்கிற இடமாகப் பார்த்து வெளியே ஃப்ரேம் போடுங்கள். அங்கேயும் ஜாக்கிரதை. என் அண்ணி இதே கடையில் வாங்கிய படத்தைப் பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஃப்ரேம் கடையில் கொடுத்தார், அவர்கள் நாலு ஓரத்திலும் இரட்டைப் பக்க டேப் போட்டு அட்டையில் அப்பிவிட்டார்கள், இனி எடுத்தால் தாளின் முதுகு கிழியும். மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டாலும் மாவுப் பசையாலும் தொங்கவிடச் சொல்லுங்கள். முடியாது என்று சொன்னால் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வெயில் விழும் சுவரில் மாட்டவேண்டாம், குளியலறைச் சுவருக்கு மறுபக்கத்திலும் வேண்டாம்.

படிக்கட்டு ரொம்பச் செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள், என் அம்மா கீழே தேயிலைக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏர்கான் படங்கள் இருக்கும் அறையில் மட்டும். விலை அட்டைகள் ஆங்கிலத்திலும் சீனத்திலும்தான், மலாயில் கேட்டால் வாயால் சொல்வார். வாங்கியதைத் திருப்பித் தரமுடியாது. பணம் ரொக்கமாகவோ போனில் கியூஆர் வழியாகவோ கொடுக்கலாம், கார்டு எடுப்பதில்லை. பாராட்டவேண்டிய இன்னொன்று பேக்கிங்: இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மூலைகளுக்குத் தனியாகத் தடுப்பு வைத்துக் கொடுத்தார். ஃபெரியில் தூறலோடு வந்தும் ஒன்றும் ஆகவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள், காலையில் திறப்பதில்லை, திங்களும் செவ்வாயும் லீவு. மழை நாளைத் தவிர்ப்பது நல்லது, ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் அந்தக் கறுப்பு டிசைன்கள் பாதிதான் தெரியும், மேசை விளக்கில் அந்த மினுக்கு வராது. கூட்டமாகப் போனால் இரண்டு இரண்டு பேராகத்தான் மேசைக்கு விடுவார். அடுத்த மாதம் மூன்று தாள் படங்கள் கொஞ்சம் வருவதாகச் சொன்னார், எல்லாம் அரண்மனைப் பெண்கள் உடையாம், தீபாவளித் தையல் முடிந்ததும் நான் போய்ப் பார்க்கப்போகிறேன். அதற்கு முன்னால் யாராவது போனால் என்ன வந்திருக்கிறது, என்ன விலை சொல்கிறார் என்று கீழே எழுதுங்கள்.